மணலியில் இருந்து கட்டபெட்டு: ஒரு மினி எக்ஸ்கவேட்டர் மலையேறிய ஆறு நாள்

முதல் நாள் – மணலி, சென்னை

கன்டெய்னர் துறைமுகத்தை விட்டு மணலிப் பக்கத்துச் சரக்கு நிலையத்துக்கு (எல்லோரும் சொல்வது சி.எஃப்.எஸ்.) வந்து இரண்டு நாள் ஆகிறது. உள்ளே இருப்பது ஜப்பானில் ஓடிய பழைய மினி எக்ஸ்கவேட்டர், அதாவது மண் தோண்டும் சின்ன வண்டி. குபோட்டா யு17 ரகம், எடை 1.7 டன், டி902 டீசல் எஞ்சின், 3 சிலிண்டர், 898 சி.சி. போக வேண்டிய இடம் கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே செடி வரிசைக்கு நடுவே போகும் பாதையின் அகலம் 1.2 மீட்டர்தான். ஜே.சி.பி. அந்தப் பாதையின் வாசலிலேயே நின்றுவிடும். இந்த வண்டியின் ட்ராக்கை (சக்கரத்துக்குப் பதில் ஓடும் ரப்பர் பட்டை) உள்ளே சுருக்கினால் அகலம் 990 மி.மீ., விரித்தால் 1,240 மி.மீ. கடல் தாண்டி ஒரு பழைய வண்டியை வரவழைப்பதற்கு அந்த 990 போதுமான காரணம்.

வண்டிக்கு முன்பணம் கட்டும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஓட்டக் கூடாது. வண்டி சின்னது என்பதெல்லாம் விலக்கு ஆகாது. கோத்தகிரி தாலுகா குன்னூர் வருவாய்க் கோட்டத்தில் வருவதால் மனு அங்கே உள்ள ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்குப் போக வேண்டும். சர்வே எண், எத்தனை மீட்டர் நீளத்துக்கு என்ன வேலை, தோண்டிய மண் எங்கே போகும், எத்தனை நாள் என்பதை வரைபடத்தோடு எழுதிக் கொடுத்தால் கள ஆய்வுக்கு வருபவருக்கும் சுலபம். வண்டி வந்த பிறகு மனுப் போட்டால், தார்ப்பாய் போர்த்திய இரும்பைப் பார்த்துக்கொண்டே மழைக்காலம் வந்துவிடும்.

இன்றைய வேலை முழுக்கக் காகிதம். பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இன்ஷூரன்ஸ், ஐ.இ.சி. (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவரின் பதிவு) எண். பழைய இயந்திரம் என்பதால் சார்ட்டர்ட் எஞ்சினியர் சான்றிதழும் வேண்டும். தயாரித்த ஆண்டு, புதிதாக இருந்தபோது விலை, இப்போதைய நிலை, இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இன்வாய்ஸ் விலையைச் சுங்கத்துறை ஏற்குமா என்பது பெரும்பாலும் இந்தச் சான்றிதழைப் பொறுத்தது.

வரிக் கணக்கு இப்படி: சுங்கத் தலைப்பு 8429 52. காப்பீடு, கப்பல் வாடகை சேர்த்த மதிப்பு 10,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், 75,000. அந்த வரியின் மேல் சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம், 7,500. இரண்டையும் கூட்டிய 10,82,500க்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,94,850. மொத்தம் 2,77,350. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஐ.ஜி.எஸ்.டி. தொகையை உள்ளீட்டு வரியாக எடுக்க வழி இருக்கிறது. மற்ற இரண்டும் செலவுதான். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறலாம், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போடும் அன்று கிளியரிங் ஏஜென்ட்டிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மாலையில் ஒரு முட்டுக்கட்டை. இன்வாய்ஸில் உள்ள சீரியல் எண்ணில் ஓர் இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்ற எழுத்து. வண்டித் தகட்டில் இருப்பது பூஜ்யம். அனுப்பியவரிடம் திருத்திய இன்வாய்ஸ் வாங்கி, பில் ஆஃப் என்ட்ரியிலும் திருத்தம் போட வேண்டியதாயிற்று. கப்பல் கிளம்பும் முன் தகட்டின் புகைப்படத்தைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கன்டெய்னரை இலவச நாளுக்கு மேல் வைத்திருந்தால் கப்பல் கம்பெனி ஒரு பக்கம், சி.எஃப்.எஸ். இன்னொரு பக்கம் என்று இருவருக்கும் தனித்தனியே வாடகை ஏறும்.

இரண்டாம் நாள் – கதவு திறந்த நாள்

காலை வரி கட்டி, அதிகாரி பரிசோதனை முடிந்து, 'அவுட் ஆஃப் சார்ஜ்', அதாவது சரக்கை வெளியே எடுக்கும் சுங்க அனுமதி கிடைத்தது. கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டரும் கையில். சீலை வெட்டும் முன் அதன் எண்ணைப் பில் ஆஃப் லேடிங்கோடு ஒப்பிட்டுப் படம் எடுத்தோம். கதவைத் திறந்ததும் முதல் படம், ஒவ்வொரு கட்டு அவிழும்போதும் ஒரு படம். இன்ஷூரன்ஸில் கேட்க நேர்ந்தால் பேசப் போவது இந்தப் படங்கள்தான்.

20 அடி கன்டெய்னரின் கதவு உயரம் 2.28 மீட்டர். கேனோபி (ஓட்டுபவர் தலைக்கு மேல் உள்ள கூரை) நிமிர்ந்து நின்றால் வண்டி நுழையாது. அதனால் கேனோபியைக் கழற்றிப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் நான்கு போல்ட்டும் ஒரு துணிப்பையில், சீட்டுக்கு அடியில். இந்த மாதிரிப் பைகளை முதலில் தேடி எடுத்துவிட வேண்டும். காலியான கன்டெய்னரைக் கூட்டிப் பெருக்கும்போது போல்ட்டும் சேர்ந்து போய்விடும்.

ட்ராக்குக்கு முன்னும் பின்னும் மர ஆப்பு, தரையில் ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் ஐ.எஸ்.பி.எம்.15 முத்திரை இருக்கிறதா பார்த்தோம். மரத்தில் பூச்சி இல்லாதபடி சூடாக்கியோ புகையூட்டியோ இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் அது. சூடாக்கியது என்றால் நடுப்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு கட்டை போதும், முழுச் சரக்கையும் நிறுத்தி வைக்க. ஆப்பை எடுத்த பிறகு தரையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை ஒன்று விடாமல் பிடுங்கினோம். ரப்பர் ட்ராக் அதன் மேல் ஏறினால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வரை கிழியும், ஈரம் இறங்கும், துரு உள்ளுக்குள்ளேயே ட்ராக்கைத் தின்றுவிடும்.

வெளியே எடுப்பது எப்படி? 3 டன் ஃபோர்க்லிஃப்ட் நிற்கிறது, 1.7 டன் வண்டிதானே என்று தோன்றும். அந்த 3 டன் என்பது முள்ளின் முதுகில் இருந்து 500 மி.மீ. தூரத்தில் எடை இருந்தால் மட்டும். வண்டியை நீளவாக்கில் எடுத்தால் எடை மையம் அதற்கு அப்பால் போய்விடும், தூக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும். போதாததற்கு முள் போய்க் குத்தும் இடம் டிரைவ் மோட்டாரின் ஹோஸ். அதனால் மேடையோடு கன்டெய்னரை ஒட்டி நிறுத்தச் சொல்லி, இரும்புத் தகடு போட்டு, வண்டியை அதன் காலிலேயே நடத்தி வெளியே கொண்டுவந்தோம்.

நடத்த வேண்டும் என்றால் எஞ்சின் ஓட வேண்டுமே. கப்பலுக்காக டீசலை வடித்து, பேட்டரி வயரையும் கழற்றியிருப்பார்கள். எஞ்சின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில் மூன்றையும் பார்த்த பின்பே பேட்டரி. ஹைட்ராலிக் ஆயில் கண்ணாடியில் பால் போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள், அப்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. இங்கே தெளிவாக இருந்தது. 5 லிட்டர் டீசல் ஊற்றி, சாவியை ஆன் நிலையில் ஒரு நிமிடம் விட்டால் மின் பம்ப் டீசலை இழுத்துக் காற்றை வெளியேற்றிவிடும். பிறகு குளோ பிளக், பிறகு ஸ்டார்ட்.

சாவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குபோட்டாவில் திருட்டுத் தடுப்பு உள்ள வண்டிகளுக்குக் கருப்புச் சாவி, சிவப்புச் சாவி என்று இரண்டு வகை. ஓட்டுவது கருப்பில். புதிய கருப்புச் சாவியை வண்டிக்குப் பழக்க மட்டும் சிவப்பு. பழைய வண்டி கைமாறும்போது சிவப்பு அடிக்கடி காணாமல் போகும். அப்புறம் கருப்பும் தொலைந்தால், உள்ளூர்ச் சாவிக்காரர் வெட்டிக் கொடுப்பது துளையில் நுழையும், எஞ்சின் ஓடாது. வாங்கும் ஒப்பந்தத்திலேயே "சிவப்புச் சாவி சேர்த்து" என்று ஒரு வரி எழுத வைப்பது நல்லது.

வண்டியைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் பார்த்தவை: சிலிண்டர் ராடின் குரோமில் நகத்தை ஓட்டினால் எங்கேயும் தட்டக் கூடாது. தட்டினால் அந்த இடம் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி இறக்கும்போது சுழலும் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி விரிந்து மூடினால் ஸ்லூ பேரிங் தேய்ந்திருக்கிறது. இங்கே அப்படி இல்லை. பூமின் (தோண்டும் கையில் வண்டியை ஒட்டிய பெரிய பகுதி) அடியில் பக்கவாட்டில் திரும்பும் பெரிய பின் இருக்கிறதே, அதில்தான் ஆட்டம். பக்கெட் நுனியைக் கையால் ஆட்டினால் இரண்டு விரல் தூரம் போய் வருகிறது. புஷ் (பின்னைச் சுற்றி உட்காரும் உருளை) மாற்றியாக வேண்டும். ஸ்பிராக்கெட் (ட்ராக்கைச் சுழற்றும் பல்சக்கரம்) பல் இன்னும் கொக்கி போல் வளையவில்லை, ட்ராக்கில் மேலோட்டமான வெடிப்பு மட்டும், கம்பி தெரியவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து எஞ்சினை ஓட விட்டால் புகை மெல்லத்தான் வருகிறது. குப்குப்பென்று வந்தால் ரிங் தேய்ந்த எஞ்சின். புஷ் விவகாரத்தைக் குறிப்பாக எழுதி, அதன் பிறகே கையெழுத்து.

மூன்றாம் நாள் – சாலை

17 அடி ஐச்சர் லாரி. கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி, அன்னூர் வழியே மேட்டுப்பாளையம், சுமார் 530 கி.மீ. இ-வே பில்லுக்கு (சரக்கை எடுத்துச் செல்ல ஜி.எஸ்.டி.யில் போடும் சீட்டு) 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பதால் மூன்று நாள் செல்லும். கடைசி நாள் நள்ளிரவோடு முடியும், நீட்டிக்க முன்னும் பின்னும் 8 மணி நேரம் உண்டு. வழியில் சொல்ல வேறு எதுவும் இல்லை. சேலம் தாண்டி ஒருமுறை இறங்கிச் செயினைப் பார்த்ததில் ஒன்று தளர்ந்திருந்தது. ரப்பர் ட்ராக் அழுந்த அழுந்தக் கட்டு இளகும். முதல் 50 கி.மீ.க்குள்ளேயே பார்த்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் – மேட்டுப்பாளையம் முதல் கட்டபெட்டு

ஐச்சரே மேலே போய்விடும். தார்ச்சாலையில் தடையில்லை. தோட்டத்துக்குப் பிரியும் கடைசி இரண்டு கி.மீ. சிமென்ட் சாலையில் அது திரும்பாது. அங்கே போய் மாட்டிக்கொண்டு வண்டியை நடுரோட்டில் இறக்குவதைவிட, கீழேயே மலைச்சாலை தெரிந்த டிரைவரோடு ஒரு 407க்கு (டாடாவின் சின்ன லாரி) மாற்றுவது மேல். மாற்றியதும் இ-வே பில்லின் 'பி' பகுதியில் புது வண்டி எண்ணை ஏற்ற வேண்டும். இதை மறந்தால் பில் செல்லுபடியாக இருந்தும் வழியில் பிடிப்பார்கள். டி.என்.43 பதிவு இல்லாத வண்டிக்கு நீலகிரி இ-பாஸும் தனியே எடுக்க வேண்டும். நம் 407 டி.என்.43.

மாற்றுவதற்கு மேட்டுப்பாளையத்தில் வசதி ஏராளம். உருளைக்கிழங்கு மண்டிகளின் மேடை லாரிப் பின்பலகையின் உயரத்துக்கே கட்டியிருக்கும். ஒரு மேடையைக் கேட்டு வாங்கி, ஐச்சரில் இருந்து மேடைக்கும் மேடையில் இருந்து 407க்கும் நடத்தினோம். மேடை கிடைக்காத இடத்தில் ரேம்ப்தான் வழி. பலகை உயரம் 90 செ.மீ. என்றால் ரேம்ப் 3.5 மீட்டர் நீளம் வேண்டும், அப்போதுதான் ஏற்றம் 15 பாகைக்குள் நிற்கும். மூங்கிலோ ஈர மரப்பலகையோ வேண்டாம், ரப்பர் அதில் சோப்புப் போல வழுக்கும். ரேம்ப் நடுவில் திசை திருப்பக் கூடாது, மேல்பாகத்தைச் சுழற்றவும் கூடாது.

வண்டி 1.7 டன், பக்கெட் மூன்று, பிரேக்கர் (பாறை உடைக்கும் கருவி), கேனோபி எல்லாம் சேர்த்தால் 2 டன்னைத் தாண்டும். 407க்கு அது விளிம்பு எடை. அதனால் உதிரிகள் எல்லாம் தனியாக ஒரு பிக்கப்பில். கேனோபியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சுருளை முழுவதும் இங்கேயே உரித்துப் போட்டுவிட்டுத் தார்ப்பாய் சுற்றினோம். மலைக்குள் அந்தக் குப்பை போகவே வேண்டாம், செக்போஸ்ட்டிலும் கேள்வி வராது.

கட்டும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பலகையில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்து அதன் மேல் வண்டி. பெயின்ட் அடித்த இரும்பில் பனி ஈரம் பட்டால் ட்ராக் தானாக நகரும். பிளேடு (மண் தள்ளும் தகடு) கீழே, பக்கெட்டுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து அதன் மேல் பக்கெட், ஸ்லூ லாக் பின் உள்ளே. 8 மி.மீ. கிரேடு 80 செயின் நான்கு, ஒவ்வொன்றும் 2 டன் தாங்கும். மூலைக்கு ஒன்றாக, முன்னிரண்டு முன்னோக்கியும் பின்னிரண்டு பின்னோக்கியும் விரிந்து இழுக்க வேண்டும். மாட்டுவது ட்ராக் ஃபிரேமில் உள்ள கட்டும் துளையில். பூமிலோ சிலிண்டரிலோ மாட்டினால் முதல் கொண்டை ஊசியிலேயே ராட் வளையும். கொக்கி உட்கார்ந்த பிறகு ராட்செட்டை இறுக்கி, கைப்பிடி தானாக விரியாதபடி கம்பியால் ஒரு சுற்று. ஐந்தாவதாகப் பூமின் மேல் ஒரு பட்டை. அது எடையைப் பிடிக்க அல்ல, ஆட்டத்தை அடக்க.

குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா? பர்லியாறு வழியில் 14 கொண்டை ஊசி வளைவு, பேருந்து, சுற்றுலா வண்டி நெரிசல் எல்லாம் உண்டு. கோத்தகிரி வழி 33 கி.மீ., எதிர்வரும் வண்டிகளும் குறைவு. கட்டபெட்டு கோத்தகிரியில் இருந்து ஊட்டி போகும் சாலையிலேயே இருப்பதால் இந்த வழியே நேர். ஒரே எச்சரிக்கை குஞ்சப்பனைப் பக்கம் யானை. பலாப்பழக் காலத்தில் இன்னும் அதிகம். இது பிப்ரவரிதான் என்றாலும் விடிந்து ஏழு மணிக்கு மேல்தான் கிளம்பினோம். ஐந்தாவது கி.மீ.யில் ஒருமுறை, குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் ஒருமுறை, அரவேனுவில் ஒருமுறை செயினைத் தட்டிப் பார்த்தோம். இறுக்கமான செயின் கணீர் என்னும், தளர்ந்தது சொத்தென்னும்.

"வளைவுல நடுவுல கியர் மாத்தக் கூடாதுங்க, உள்ள போறதுக்கு முன்னாடியே ரெண்டாவதுல போட்டுரணும்" என்றார் டிரைவர். உயரமான எடை ஏற்றியவர்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது. கியர் மாற்றும் அந்த நொடியில் வண்டி பின்னுக்கு இழுக்கும், அப்போது நான்கு செயினும் ஒரே வெட்டாய் அதிரும்.

ஐந்தாம் நாள் – தோட்டத்தில்

காலையில் குளிர் கையை விறைக்க வைக்கிறது. கோத்தகிரிப் பக்கம் உயரம் சுமார் 1,800 மீட்டர். காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு மூச்சு குறையும். முழு வேகத்தில் கனமாகத் தோண்டினால் கரும்புகை வரும். அது பழுதல்ல, டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அவ்வளவுதான். பம்ப் டைமிங்கைத் திருகச் சொல்லும் மெக்கானிக்குகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, லோடைக் குறைத்து ஓட்ட வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும் என்பதால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் சரியாக இருந்தாக வேண்டும். அழுத்தம் நிற்காத மூடி சமவெளியில் சமாளிக்கும், இங்கே கொதிக்க விடும். நம் வண்டியின் மூடி ரப்பர் காய்ந்திருந்தது, மாற்றியாயிற்று.

குளிர் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது லிவரை வேகமாக இழுத்தால் பம்ப் கீச்சென்று கத்தும். உறிஞ்சப் போதிய எண்ணெய் வராமல் பம்புக்குள் குமிழி உண்டாகி உடையும் சத்தம் அது. பத்து நிமிடம் நடு வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக முழுதும் நீட்டி மடக்கிய பிறகே வேலை.

ட்ராக் டென்ஷன்: பூமையும் பிளேடையும் ஊன்றி வண்டியைத் தரையை விட்டுத் தூக்கி, ரப்பரில் உள்ள படுத்த எட்டு போன்ற குறியை மேல் நடுவுக்குக் கொண்டுவந்து, கீழ் ரோலருக்கும் ட்ராக்குக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 10 முதல் 15 மி.மீ. இருந்தால் சரி. நமக்கு 28 இருந்தது. கிரீஸ் கன் வைத்து ஏற்றினோம். இறக்க வேண்டி வந்தால் அந்த வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருக வேண்டாம், முகத்தை நேரே வைக்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்துப் போகும்.

லிவர் முறையையும் ஓட்டுபவர் உட்காரும் முன்பே பேசி முடித்தோம். இடக்கை ஆர்மையும் (பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே உள்ள முன்கை) சுழற்சியையும், வலக்கை பூமையும் பக்கெட்டையும் இயக்குவது ஐ.எஸ்.ஓ. முறை. பூமும் ஆர்மும் கை மாறி வரும் வேறு முறையும் உண்டு. ஜப்பானிய ஸ்டிக்கர் யாருக்கும் புரியாது. வெள்ளைப் பெயின்ட்டால் தமிழில் எழுதியாயிற்று: முன், பின், மேல், கீழ்.

புஷ்ஷுக்கு அந்தப் பெரிய பின்னையும் துளையையும் வெர்னியரில் நான்கு திசையிலும் அளந்து, கோவை லேத்துக்கு அனுப்பியிருக்கிறோம். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை நம்பிக் கடைய முடியாது.

ஆறாம் நாள் – முதல் கான்

புஷ் வரும் வரை இலகு வேலை மட்டும். ட்ராக்கைச் சுருக்கி 990ல் பாதையில் நேராக நடத்தி, வேலை இடம் வந்ததும் 1,240க்கு விரித்தோம். பிளேடின் இருபுற இறக்கையும் பின்னை எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். சுருக்கிய நிலையில் பக்கவாட்டில் சுழற்றவே கூடாது, காலி பக்கெட்டே ஒரு பக்கத்தைத் தூக்கிவிடும். சரிவில் நேரே ஏறி நேரே இறங்க வேண்டும், குறுக்கே போக வேண்டாம். ஒரு மீட்டர் கம்பும் குண்டுநூலும் போதும்: மீட்டருக்கு 27 செ.மீ. ஏறினால் 15 பாகை, அதற்கு மேல் குறுக்கே வைக்கவே வேண்டாம்.

தோண்டியது 30 செ.மீ. பக்கெட்டில், 45 செ.மீ. ஆழத்துக்குக் கான். தோட்டத்து வடிகாலுக்கு இங்கே கான் என்பதே பேச்சு. சரிவு 120க்கு 1, அதாவது 10 மீட்டருக்கு 8 செ.மீ. சொச்சம். கண்ணுக்கு மட்டம் போலத் தெரியும், நீர்மட்டக் குழாய் இல்லாமல் பிடிக்க முடியாது. சரிவு கூடினால் தண்ணீர் கானையே அறுக்கும். குறைந்தால் தேங்கி, மண் ஊறி, கரையோடு சரியும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. இந்த மண்ணில் தண்ணீருக்கு வழி விடுவது அலங்கார வேலை இல்லை. எடுத்த மண்ணைக் கானின் கீழ்ப்பக்கம் தாழ்வான வரப்பாகப் போட்டு பக்கெட் முதுகால் தட்டினோம். மேல்பக்கம் போட்டால் முதல் மழையிலேயே கானுக்குள் திரும்பும்.

பதினோரு மணிக்கு ஆர்ம் சிலிண்டர் ஹோஸின் முனையில் எண்ணெய் வியர்த்தது. எங்கே என்று பார்க்க அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும், கையை அல்ல. 200 பாருக்கு மேல் இருக்கும் எண்ணெய் ஊசித் துளை வழியே தோலுக்குள் ஏறினால் விரலை இழக்க நேரும். அணைத்து, பக்கெட்டை இறக்கி, லிவரை எல்லாத் திசையிலும் ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகே ஸ்பேனர்.

கழற்றிப் பார்த்ததும் காரணம் விளங்கியது. முன்பு எங்கேயோ மாற்றிய ஹோஸ். திரட் சரி, கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய்த் திரட்), வெளிவிட்டம் 13.2 மி.மீ., அங்குலத்துக்கு 19 திரட். உட்காரும் கூம்பின் கோணம்தான் வேறு. கோணம் சேராத கூம்பு கோடு போல ஒரே இடத்தில் மட்டும் தொட்டு நிற்கும், இறுக்க இறுக்க நட் வெடிக்கும், கசிவு நிற்காது. ஹோஸ் கடைக்குப் போகும்போது அளவை எழுதிக்கொண்டு போகாமல், பழைய ஹோஸையும் எதிர்முனை அடாப்டரையும் இரண்டையும் கொண்டு போக வேண்டும். இரண்டையும் கையால் சேர்த்துப் பார்த்தால் ஆடாமல் உட்கார வேண்டும். கீழே போகும் பிக்கப்பில் இரண்டையும் கட்டி அனுப்பியாயிற்று, கூடவே அதே அளவில் இன்னொன்று உபரியாகச் செய்துவரச் சொல்லி.

நிறுத்தும்போது மீட்டர் காட்டிய ஓட்டம் 3.2 மணி, டீசல் ஏறக்குறைய 7 லிட்டர், கான் 38 மீட்டர். திறந்த ஹோஸ் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, ஸ்பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சில் இறுக்கி, எல்லாப் பின்னுக்கும் பழைய கிரீஸ் கருப்பாக வெளியே வந்து புதுசு தெரியும் வரை கிரீஸ் அடித்து, ட்ராக்குக்கு அடியில் பலகை கொடுத்து, தார்ப்பாய் போர்த்தியாயிற்று. எஞ்சின் ஆயிலையும் டிரைவ் மோட்டார் கியர் ஆயிலையும் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டி என்பதால் 50 மணி நேர ஓட்டத்துக்குக் காத்திருக்கவில்லை, இரண்டும் நாளைக் காலையே.